இருநூற்று நாற்பது வரை

அவருக்கு ஒரு தடவைகூட நான் முழுதாக பி.பி. பார்த்ததில்லை. கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, ஸ்டெத்தைக் காதில் மாட்டுவதற்குள் எழுந்துவிடுவார். பட்டை கையோடு போகும், ரப்பர் குழாய் இழுபடும், மிஷின் மேசையிலிருந்து விழப் பார்க்கும்.

“ஆயிடுச்சு நர்சம்மா,” என்பார்.

“இன்னா ஆயிடுச்சு? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. உக்காருங்க.”

“நாளிக்கு வர்றேன்.”

நாளைக்கு வருவார். அதே கூத்து மறுபடி நடக்கும்.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் ஆறு வருஷம் நர்சாக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர் அருகே அடிவாரத்தில். மலையேறிப் போன புதிதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இந்த மனிதருக்கு மூலம் இருக்கிறது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார், அதனால்தான் உட்கார மாட்டேன் என்கிறார் என்று முடிவு கட்டி, கேட்காமலேயே மருந்தும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அந்த மருந்தை என்ன செய்தாரோ தெரியாது.

ஊரே அவரை ‘நாலு நிமிசம்’ என்றுதான் கூப்பிட்டது. எந்த இடத்திலும் அவர் நாலு நிமிஷத்துக்கு மேல் இருக்கமாட்டார். கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்தால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்களே என்று, இலையை மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு, தள்ளியிருந்த புளியமரத்தடியில் நின்றபடி சாப்பிடுவார். ஷேர் ஜீப்பில் உள்ளே உட்கார இடம் இருந்தாலும் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வருவார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குதித்து, ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏறி, அடுத்த வளைவில் ஜீப்புக்கு முன்னால் போய் நிற்பார்.

“யோவ் பெருசு, ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு. நீ ஒரு ஆளு ஏழு தபா ஏர்ற,” என்று டிரைவர் கத்துவார். ஜீப்பில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மறுபடி தொற்றிக்கொள்வார்.

அவர் உதடுகள் எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். சாமி பெயரைச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மாத்திரை கொடுக்கும்போது காதில் விழுந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். இருநூற்று முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. வாயை மூடினார், எழுந்தார், போய்விட்டார்.

காரணத்தை ஒரு மழை நாளில் சொன்னார். நான் வாசல் கதவுக்கு உள்ளே, அவர் வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் பலாமரத்தடியில். உள்ளே வாங்க, நனையறீங்க என்று எத்தனை முறை சொல்லியும் வரவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

மலையில் சாமை விளையாமல் போன ஒரு வருஷம், மேஸ்திரி ஒருவர் ஆள் பிடிக்க வந்தாராம். வடக்கே ஏதோ ஓர் அணுமின் நிலையத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. எந்த ஊர் என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரெண்டு ரயில் மாறி, லாரியில் போனதாகச் சொன்னார்.

“உள்ள ஒரு ரூமு. அதுல ஒரு ஆளு நாலு நிமிசந்தான் இருக்கலாம். விசில் அடிச்சா கையில கீறத அப்டியே போட்டுட்டு ஓடியாந்துடணும். அப்புறம் அடுத்த ஆளு போவான். வாச்சு கட்டிக்கினு போவ வுட மாட்டாங்க. மிஷின் சத்தத்துல விசிலு சில நேரம் கேக்காது. அதனால நானே எண்ணிக்குவேன்.”

“அந்த ரூமுல இன்னாதான் இருந்துச்சு?”

“ஒண்ணுமே இல்ல நர்சம்மா. வெறுந்தர. வாசன இல்ல, சூடு இல்ல, பொக இல்ல. பாம்புன்னா பாம்புன்னு தெரியும், கரடின்னா கரடின்னு தெரியும். அங்க பளபளன்னு தொடச்ச தரதான் கீது. அதுக்குத்தான் அத்தினி பேரு பயந்தாங்க.”

எத்தனை வருஷம் இருந்தார், ஏன் திரும்பி வந்தார் என்று கேட்டேன். வேட்டி முனையைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். அவர் அங்கே இருந்தபோதுதான் இங்கே மனைவி காய்ச்சலில் செத்துப்போனாள் என்று பிறகு தெரிந்தது.

“அது முடிஞ்சி எத்தினியோ வருசம் ஆச்சே. இங்க எதுக்கு எண்றீங்க?” என்றேன்.

அப்போதுதான் அவர் என்னைப் புரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “எனக்காவவா எண்றேன்? என்னிக்கோ எம் மேல ஏறிடுச்சு. உங்களுக்காவ எண்றேம்மா. எங்கிட்ட யாரும் நாலு நிமிசத்துக்கு மேல இருக்கக்கூடாது.”

மழை விட்டதும் போனார். கல்யாணமாகி ஏழு வருஷமாகக் குழந்தையில்லாமல் நான் கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. இந்த மனிதர் பக்கத்தில் நான் எத்தனை நாலு நிமிஷம் நின்றிருக்கிறேன் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. பயத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் மறுநாள் அங்கன்வாடி ஆயாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளிடம் சொன்னால் ஊருக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரி. அன்றிலிருந்து ஜீப்பில் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர் பின்னால் தொங்கினால், கடைசி சீட்டில் இருப்பவர்கள் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அவருக்கு ஒரே மகள். அதே ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். தெருவின் இந்தக் கோடியில் மகள் வீடு, அந்தக் கோடியில் கேழ்வரகுக் கொல்லை ஓரமாக அவர் குடிசை. மகள் உண்டானபோது என்னிடம்தான் பதிவு செய்தாள். அவளுக்கு ஊசி போடும் நாட்களில் அவர் வேலிக்கு வெளியே நின்று, “ரத்தம் நல்லா கீதா? ஸ்கேன்ல கை கால் எல்லாம் கீதா?” என்று கேட்பார். எல்லாம் கீது என்று நான் விரலை எண்ணிக் காட்ட வேண்டும். பத்து விரலையும் காட்டினால்தான் போவார்.

பெண் குழந்தை பிறந்தது. பத்து விரலும் இருந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம்: தாயைப் பெற்ற தாத்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கொம்புத்தேனை விரலால் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். அதுவரை அது விருந்தாளிக் குழந்தை, அதற்கப்புறம்தான் இந்த மலைக் குழந்தை என்பார்கள். எனக்கு அந்த வழக்கத்தோடு பெரிய சண்டை. ஒரு வயசுக்கு முன்னால் தேன் கூடாது என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டிருப்பேன். இவள் வீட்டிலும் கத்தினேன். அவர் ஒருவர்தான் உடனே ஒப்புக்கொண்டார்.

“நர்சம்மா சொல்றாங்க இல்ல. ஒரு வருசம் போவட்டும்,” என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. மகள் மட்டும் என்னை முறைத்தாள்.

“ஒரு வருசம் கழிச்சாச்சும் தூக்குவியா நைனா?” என்று தெருவில் நின்று கேட்டாள்.

“பாக்கலாம் பாக்கலாம்,” என்று எண்ணிக்கொண்டே நடந்தார்.

குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும்போது மலைக்கு அந்த லாரி வந்தது. ஊருக்கு மேலே இருக்கிற மொட்டைப் பாறையில் துளை போட ஒரு பெரிய இயந்திரத்தை இறக்கினார்கள். போர் போடுகிறார்கள் என்று ஊருக்கு ஒரே கொண்டாட்டம். அந்த வருஷம் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. பெண்கள் குடத்தோடு ஏறினார்கள். இயந்திரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊர்க் கவுண்டர் கையால் சேவல் அறுத்துப் பூசை போட்டார்கள். துளை போட வந்த இளைஞர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நெற்றியைக் காட்டித் திருநீறு வாங்கிக்கொண்டார்கள். நானும் போய்க் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் வரைக்கும் தண்ணீர் வரவில்லை. உருளை உருளையாகக் கல்தான் வந்தது. அதை அவர்கள் எண் எழுதிப் பெட்டியில் பத்திரமாக அடுக்கினார்கள். ஊர்க் கவுண்டர் பொறுக்காமல், “எத்தினி அடியிலப்பா தண்ணி?” என்று கேட்டார்.

அங்கிருந்த சூப்பர்வைசர் நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாதவன். “தண்ணி வரலேன்னாத்தாங்க எங்களுக்கு நல்லது,” என்றான்.

தமாஷ் பண்ணுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். பாறைச் சரிவில் தள்ளி நின்றிருந்த ‘நாலு நிமிசம்’ மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மதியம் என் நிலையத்துக்கு வந்தார். முதல் தடவையாக, சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மேசைக்கு இந்தப் பக்கம். உதடுகள் அசையவில்லை.

“நர்சம்மா, தண்ணி இல்லாத பாறைய எதுக்குத் தேடுவாங்க தெரியுமா?” என்றார். “அங்க ட்ரம்மு ட்ரம்மா கீது. நாங்க தொடச்ச துணி, போட்ட கையுற, கூட்டுன தொடப்பம் எல்லாம் அதுக்குள்ள. எரிஞ்சி முடிஞ்ச சரக்கு இன்னும் உள்ள, தண்ணிக்குள்ள கீதாம், அத நாங்க பாத்ததில்ல. இதயெல்லாம் எங்க கொண்டுபோயி வெப்பீங்கன்னு மேஸ்திரிய கேட்டேன். தண்ணி படாத பாறைக்குள்ள ஆழமா வெக்கணும்னாரு. எந்த ஊருலன்னு கேட்டேன். சிரிச்சாரு.”

“சும்மா எதையாச்சும் போட்டுக் கொழப்பிக்காதீங்க. அவங்க வேற எதுக்காச்சும் நோண்டுவாங்க.”

“எத்தினி நாளிக்கு வெக்கணும்னும் கேட்டேன். நம்ம கல்லு வூடு கீதே, அதோட வயசு மாதிரி எத்தினி மடங்கு போனாலும் இது ஆறாதாம்.”

கல் வீடு என்று அவர் சொன்னது, காட்டுக்குள் கூட்டம் கூட்டமாக நிற்கிற பலகைக் கல் அறைகளை. குள்ளர்கள் கட்டியது என்பார்கள். எந்தக் காலத்து மனிதர்கள் எதற்குக் கட்டினார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“அத கட்டுனவன் நம்மகிட்ட இன்னா சொல்லிட்டுப் போனான்?” என்றார். “கிட்ட வான்னானா, வராதன்னானா? தெரியல. நாம அதுல ஆட்ட கட்டிக்கினு கீறோம்.”

அவர் எண்ண மறந்துவிட்டார். அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசியதில் பாதி என் மூளையில் ஏறவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது எழுந்து போவார் என்றுதான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அவர் போனதும் டெட்டால் ஊற்றி நாற்காலியைத் துடைத்து வெயிலில் போட்டேன். மேசை மேல் தன் துண்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைக் கையால் தொடப் பயம். ஊசி எடுக்கிற இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வேலியில் போடத்தான் வந்தேன். துண்டைத் தேடித் திரும்பி வந்தவர் படலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

நீட்டிய கையில் இடுக்கி, இடுக்கியில் துண்டு. என்னால் அதை மறைக்க முடியவில்லை.

“அங்கியே போட்ருங்கம்மா. எடுத்துக்கறேன்,” என்றார். கோபமே இல்லை.

விஷயம் ஊருக்குள் பரவியது. மலைக்குள் அணுக்கழிவு வைக்கப் போகிறார்கள் என்று செல்போனில் என்னென்னவோ வந்தது. நான் அடிவாரத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். அவர் மின்சார ஆபீசில் வேலை பார்ப்பவர். டிவி விவாதங்களை ஒன்று விடாமல் பார்ப்பார்.

“கரன்ட் எல்லாருக்கும் வேணும். நிலக்கரி எரிச்சா பொகைன்னு கத்தறீங்க. அணுவுல பொகை இல்ல, குப்பை கீது. அத எங்கியாச்சும் வெச்சித்தானே ஆவணும்?” என்றார்.

“உன் அடிவாரத்துல வெச்சுக்கயேன்,” என்று போனை வைத்தேன். அவர் கேட்டதும் நியாயம்தான், என் கேள்வியும் நியாயம்தான். நாடே அப்படித்தான் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். வயசானவர், பொறுமையாகப் பேசினார். இது வெறும் பாறை ஆய்வு, இப்படிப் பல மலைகளில் நடக்கிறது, எதை எங்கே வைப்பது என்று யாரும் முடிவு எடுக்கவில்லை என்றார். அப்படியே வைத்தாலும் கண்ணாடியில் உருக்கி, எஃகில் அடைத்து, களிமண் சுற்றி, ஆழத்தில் வைப்போம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஊர்க்காரர்கள் ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் ‘நாலு நிமிசம்’ ஜன்னலுக்கு வெளியே நின்றபடி கையைத் தூக்கினார்.

“ஐயா, நான் அந்த வேலைக்குப் போனவன். எம் பேத்திய தூக்கலாங்களா?”

அதிகாரி விவரமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

“தாராளமா தூக்குங்க பெரியவரே. உங்க உடம்புல இருந்து யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“பாறைக்குள்ள வெச்சாலும் ஒண்ணும் ஆவாதுன்னீங்களே, அதே மாதிரிங்களா?”

“ஆமா, அதே மாதிரிதான். நூத்துக்கு நூறு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஜன்னலை விட்டு நகர்ந்தார். மகள் குழந்தையோடு உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குத் தூக்கிவிடுவார் என்று வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அவர் தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

பாறையையும் பேத்தியையும் ஒரே கணக்கில் சேர்த்த அந்தப் பதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. திருப்பத்தூர் போனபோது எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என்னைத் திட்டினார். “எக்ஸ்ரே எடுத்துக்கிட்டவங்க எக்ஸ்ரே மிஷின் ஆயிடுவாங்களா? மேல ஏதாச்சும் தூசி ஒட்டியிருந்தாலும் இத்தனை வருஷக் குளியல்ல போயிருக்கும். அவரால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நீ ஒரு நர்ஸ், இதைக்கூட யோசிக்கலியா?”

அதிகாரி சொன்னது உண்மை. அந்த ஒரு விஷயத்தில் முழு உண்மை. மறுநாளே மலையேறி நேராகக் கேழ்வரகுக் கொல்லைக்குப் போனேன். டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். உதடுகள் அசைய, கேட்டுக்கொண்டு நின்றார்.

“நீங்க சொன்னா சரிதாம்மா,” என்றார். பிறகு, “அப்ப எந்துண்ட எதுக்கு இடுக்கியில புடிச்சீங்க?” என்றார்.

தெரியாமல் செய்துவிட்டேன், பயத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே அவர் கையைப் பிடித்திருக்கலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எண்ணி முடித்துவிட்டு, களை பறிக்கப் போய்விட்டார்.

லாரியும் இயந்திரமும் ஒருநாள் போய்விட்டன. துளைகளின் மேல் இரும்பு மூடி போட்டு, எண் எழுதிவிட்டுப் போனார்கள். திரும்பி வருவார்களா, எதற்கு வருவார்கள் என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. பாறை வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த மூடியைத் தாண்டும்போது சத்தமாக எண்ணிக்கொண்டே ஓட ஆரம்பித்தன. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பேத்திக்குப் பதினோரு மாதம் ஆனபோது அவர் இறந்துபோனார். கொல்லையில் காலையில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். அது அந்த வேலையால் வந்ததா, வயசால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிய வழியில்லை.

நான் போனபோது அவரைக் குளிப்பாட்டி மகள் வீட்டு வாசலில் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஒரு மதியம் தவிர, அவர் அப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் காலைத் தொட்டுவிட்டு உடனே நகர்ந்தார்கள். பலருக்கு உதடு அசைந்தது. பாடை கட்டும் இடத்தில் ஊர்க் கவுண்டர் ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்.

“எரநூத்தி நாப்பது எண்ணு, ஒடனே அடுத்தவனுக்குத் தோளு மாத்து. கணக்கு தப்பக் கூடாது. அவரே அப்படித்தான் நமக்காவ எண்ணிக்கினு இருந்தாரு,” என்றார். அதில் கேலி இல்லை. அவருக்குச் செய்கிற மரியாதையாகவே நினைத்துச் சொன்னார்.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கையில் ஒரு கிண்ணத்தில் தேன். ஒரு வயசுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது; அன்றைக்கு நான் அதற்குச் சண்டை போடவில்லை.

“நர்சம்மா, கொயந்தய எங்க நைனா மடியில வெக்கலாமா? ஒண்ணும் ஆவாதில்ல?”

“ஒண்ணும் ஆவாது. வை,” என்றேன். என் குரல் எனக்கே அந்த அதிகாரியின் குரல்போலக் கேட்டது.

அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். என் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையை என்னிடம் நீட்டினாள்.

“அப்ப நீங்க வெச்சிக்கினு அவுரு பக்கத்துல உக்காருங்க. நான் பாக்கறேன். அப்புறம் வெக்கறேன்.”

வாங்கிக்கொண்டேன். அவர் தோளில் என் தோள் படுகிற அளவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தை என் மடியிலிருந்து கையை நீட்டி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருந்தது. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

இருநூற்று முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

எழுந்துவிட்டேன். மகள் என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். தேன் கிண்ணத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள்.